தொரை போத்தலின் மூடி

வரவேற்பறை மேசையில் நூற்று எண்பது கல்யாணக் கார்டுகள் அடுக்கியிருந்தன. நூற்று எழுபத்தொன்பதில் பெயர் எழுதி முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை மார்ஜரி செபப் புத்தகத்துக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. சிறில் அதைப் பார்க்காதவர் போல பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒற்றைக் கார்டால்தான் போன வாரம் முழுவதும் இந்த வீட்டில் தாயும் மகளும் சட்டிபானையோடும் கதவுகளோடும் மட்டும் பேசிக்கொண்டார்கள். டிலுக்ஷிக்கும் ரொஷானுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். டிலுக்ஷியின் ஞானத்தாய், மார்ஜரியின் தங்கை டயனா. அவளுக்குக் கார்டு கிடையாது என்பது மார்ஜரியின் முடிவு. சித்தி வராத கோயிலுக்குள் நானும் கால் வைக்கமாட்டேன் என்பது மகளின் முடிவு. நெரிசல் பஸ்ஸின் நடுவில் பிடிக்கக் கம்பி கிடைக்காதவர் மாதிரி இருவருக்கும் இடையில் சிறில்.

இத்தனைக்கும் காரணம் ஒரு போத்தல்.

மார்ஜரியின் அப்பா ஒரு தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக இருந்து, தொரைமாருக்குச் சமைத்துப் பரிமாறி வயதானவர். கடைசித் தொரை ஊரைவிட்டுப் போகும்போது அவர் கையில், வைன் ஊற்றிப் பரிமாறும் இரண்டு கண்ணாடி டிகேண்டர்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அகன்ற அடி, உடம்பெல்லாம் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள், கழுத்தில் மூன்று வளையங்கள், தலையில் காளான் போலக் கண்ணாடி மூடி. அவை அந்த வீட்டில் தொரை போத்தல்களாயின. வருடத்தில் ஒருமுறை, கிறிஸ்மசுக்கு, இஞ்சி வைன் ஊற்றி மேசைக்கு வரும். மார்ஜரியின் அம்மா அவற்றைக் கழுவும் விதமே தனி. ஒன்றைக் கழுவி, துடைத்து, மூடி போட்டு அலுமாரியில் வைத்த பிறகுதான் மற்றதைக் கையில் எடுப்பார். உடைந்துவிடும் என்ற பயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அம்மா இறந்தபோது மகள்மார் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தாள் மார்ஜரி. மூடி போத்தலுக்குள் பாதிதான் இறங்கியது. அம்மா வீட்டில் பார்த்ததைவிடப் போத்தலும் கட்டையாகத் தெரிந்தது. உடனே டயனாவுக்கு டெலிபோன் எடுத்தாள். நல்லதை வைத்துக்கொண்டு கண்டிச் சந்தையில் வாங்கிய போலியை என் தலையில் கட்டிவிட்டாய் என்றாள். என் மூடிதான் லொடலொடவென்று ஆடுகிறது, மாற்றினது நீதான் என்றாள் டயனா. "கள்ளி" என்ற சொல் அப்போதுதான் விழுந்தது. ஒன்பது வருடமாயிற்று. அது இன்னும் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"டாடி," என்று டிலுக்ஷி அறையிலிருந்து வந்தாள். "இன்னைக்கு அந்தப் போத்தல நுஸ்ரா அக்காகிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. அவங்க பழைய கண்ணாடிச் சாமானெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புறவங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

மார்ஜரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தாராளமா கொண்டுபோகட்டும். போலின்னு அந்தப் பிள்ளை வாயாலயே சொல்லட்டும். அதுக்குப் பிறகு இந்த வீட்டுல யாரும் டயனா பேரை எடுக்கக் கூடாது."

"போலி இல்லேன்னா?"

"போலிதான்."

"இல்லேன்னா மம்மி?"

மார்ஜரி ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். பிறகு அதையே எட்டாக மடித்தாள்.

"இல்லேன்னா கார்டுல அவ பேரை எழுதுறேன். போதுமா?"

சிறில் எழுந்து பெட்டி எடுக்கப் போனார். மாத்தளை ரயில் நிலையத்தின் பார்சல் ஒபிஸில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பார்சல் சிறில்தான். போத்தலின் வயிற்றைச் சுற்றி வைக்கோல் திணித்தார். மூடியைக் கழற்றி, பத்திரிகைத் தாளில் சுருட்டி, பெட்டியின் ஓரத்தில் செருகினார். கழுத்துக்குள் மூடியோடு கண்ணாடிப் போத்தலை அனுப்பினால் வண்டியின் ஒரு குலுக்கலில் கழுத்து உடைந்துவிடும். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்ற பாடம் அது. பிறகு குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு கட்டி, இழுத்தால் இறுகும், தட்டினால் அவிழும் தன் முடிச்சைப் போட்டார்.

"நடந்து போற தூரத்துக்கு இவ்வளவு கட்டா?" என்றாள் மார்ஜரி. குரலில் கோபம் இல்லை. குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஜுனைதீனின் பழைய சாமான் கடை மாத்தளைத் திருகோணமலை வீதியில், ஒரு மருந்துக்கடைக்கும் புடவைக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. வாசலில் ஜுனைதீன் கதிரை போட்டுப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிறில், பார்சலா? இது எந்த டிரெய்னுக்கு?"

"இது உங்க மகளுக்கு."

"அப்ப உள்ளுக்குப் போங்க. இப்ப கடை அவடதான். நான் சும்மா காவலுக்கு இரிக்கிறன்."

உள்ளே நுஸ்ரா ஒரு பித்தளை விளக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது. எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டே பேசுகிறவள். சிறில் முடிச்சைத் தட்டி அவிழ்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள். போத்தல் வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. அதைக் கையில் எடுத்து, வரிகளின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினாள்.

"இது வெட்டின கண்ணாடி இல்ல அங்கிள். வெட்டினதுண்டா ஓரம் கூர்மையா விரலுக்கு மாட்டும். இது சவர்க்காரம் மாதிரி வழுக்குது. அச்சுல ஊதினது."

"ஊதினதா?"

"ஒரு டின்னுக்குள்ள பலூன விட்டு ஊதினா என்ன நடக்கும்? டின் எப்பிடியோ பலூனும் அப்பிடியே ஆகும் இல்லையா. அது மாதிரிதான். உருகின கண்ணாடிய நீளக் குழாயிட நுனியில எடுத்து, வரி வெட்டின இரும்பு அச்சுக்குள்ள இறக்கி, ஒராள் வாயால ஊதுவார். அச்சு கதவு மாதிரித் துறக்கும். பாருங்க, கதவு சேர்ற இடத்துல மெல்லிய கோடு."

அவள் ஃபோன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள். தலைமுடி அளவு கோடு ஒன்று வரிகளோடு வரியாக இறங்கியது. பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு நீளமான பின்னல் ஊசியை எடுத்தாள்.

"உம்மாட ஊசி. செல்லிராதீங்க, தேடிட்டு இரிக்கிறாங்க." கழுத்து வழியாக அதைச் சரித்து விட்டு உள்சுவரில் உரசினாள். டிக், டிக், டிக் என்று கேட்டது. "உள்ளுக்கும் வரி இரிக்கு. வெளியில புடைச்சா உள்ளுக்குப் பள்ளம். காத்துதான் கண்ணாடிய அச்சோட ஒட்ட வைக்கிறது. அதால உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி. இந்தக் காலத்துப் போலியில உள்பக்கம் பெரும்பாலும் வழுவழுண்டு இரிக்கும்."

போத்தலைக் கவிழ்த்தாள். அடியின் நடுவில் தொப்புள் போலச் சொரசொரப்பான ஒரு தழும்பு.

"அச்சுலருந்து எடுத்த பிறகு அடியில ஒரு கம்பிய ஒட்டிப் பிடிச்சிட்டுத்தான் கழுத்து வேலைய முடிப்பாங்க. கம்பிய ஒடைச்சு எடுத்த தழும்பு இது. கழுத்து, வளையம், வாய் எல்லாம் கைவேலை. அதால ஒரே அச்சுல வந்த ரெண்டு போத்தலும் ஒரு விரக்கடை கூடக்குறைய இரிக்கும்."

சிறில் கதிரையில் முன்னால் நகர்ந்தார். கட்டையாக இருக்கிறது, கட்டையாக இருக்கிறது என்று ஒன்பது வருடமாக மார்ஜரி சொல்லிவந்தது அவர் காதில் கேட்டது.

"அப்ப, மகள், இது..."

"பழசுதான். இருநூறு வருஷம் கிட்ட இரிக்கும்னு நெனைக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது. ஆனா போலி இல்ல."

சிறிலுக்கு உடனே அந்த ஒற்றைக் கார்டின் வெளியே தெரிந்த மூலை நினைவுக்கு வந்தது. சிரித்தேவிட்டார். நுஸ்ரா அதற்குள் பத்திரிகைத் தாளைப் பிரித்து மூடியை எடுத்துப் போத்தலில் வைத்துப் பார்த்தாள். பாதியில் நின்றது. புருவத்தைச் சுருக்கி, மூடியின் தண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"மூடிதான் இதுக்குரியது இல்ல."

"என்ன?"

"இந்த மூடியெல்லாம் சும்மா செஞ்சு போடுறது இல்ல அங்கிள். கழுத்துக்குள்ள மூடிய வச்சு, தண்ணியும் மணலும் போட்டு, சுத்திச் சுத்தித் தேய்ச்சு ஒண்டோட ஒண்ட பொருத்துறது. அந்த மூடி அந்தக் கழுத்துக்கு மட்டும்தான். மாறிரும்னு பயந்து ரெண்டுலயும் நம்பர் கீறி வைப்பாங்க. பாருங்க."

கழுத்தின் உள்விளிம்பில் ஊசியால் கீறியது போல ஒரு 4. மூடியின் தண்டில் ஒரு 7.

"இதோட சோடி ஒண்டு எங்கயோ இரிக்கு. அந்தப் போத்தல்ல நாலாம் நம்பர் மூடி லொடலொடண்டு ஆடிட்டு இரிக்கும். நானும் ஒருக்கா இப்பிடி மூடி மாறினத அனுப்பி, வாங்கினவர்கிட்ட நல்லா ஏச்சு வாங்கினன். அதுக்குப் பிறகு ஒரு நேரத்துல ஒரு போத்தலத்தான் கழுவுறது."

ஒரு நேரத்தில் ஒரு போத்தல்.

மாமியார் ஈரக் கையோடு அலுமாரிக்குப் போய்வருவது சிறிலின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அதே வீட்டு வரவேற்பறையில், துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு போத்தல்களின் மூடிகளையும் முதலில் கழற்றிப் பத்திரிகையில் சுருட்டி ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாக இரண்டு பெட்டிகள் கட்டிய ஒரு மனிதர். பெட்டிக்கு ஒரு சுருட்டல் போட்டவர். மூன்று மொழியிலும் சிவப்பு மையால் "கண்ணாடி, கவனம்" என்று எழுதியவர்.

"யாரு அங்கிள் மாத்தினது?" என்றாள் நுஸ்ரா.

வாசலிலிருந்து ஜுனைதீன் பதில் சொன்னார். "யாரா இருந்தாலும் நம்ம சிறில்கிட்ட குடுத்திருக்கணும். முப்பது வருஷத்துல ஒரு பார்சல் மாறினது இல்ல, தெரியுமா?"

சிறில் பெட்டியைக் கட்டத் தொடங்கினார். முடிச்சு முதல் தடவை சரியாக விழவில்லை.

வீட்டுக்குப் போகாமல் பஸ் நிலையத்துக்குப் போனார். போலி இல்லை என்று நுஸ்ரா சொல்லிவிட்டாள். கார்டு எழுதப்படும். இனி பல்லேபொலைக்கு, டயனா வீட்டுக்குப் போய், அவள் கவனிக்காத நேரத்தில் மூடியை மாற்றி வைத்துவிட்டால் இரண்டு போத்தலும் நல்ல போத்தலாகிவிடும். அக்காளும் தங்கையும் சேர்ந்துவிடுவார்கள். பார்சல் சிறிலின் பெயரும் அப்படியே இருக்கும். யாருக்கு என்ன நட்டம்? பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தபோது பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, யாருக்கு என்ன நட்டம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

டயனா முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிறிலும் அவளும் கோயில் திருவிழாவில் கண்டால் தூரத்திலிருந்து தலையசைப்பதோடு சரி. அவர் இந்தக் கேட்டைத் திறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"அத்தான். வழி மாறி வந்துட்டீங்களா?"

"இல்ல. இந்தப் பக்கம் ஒரு வேலை."

"பெட்டியோடயா?" பார்த்தாள். கட்டின முறையிலேயே புரிந்திருக்கும். "உள்ள வாங்க. பிளேன்டீ போடுறேன். இன்னும் சீனி இல்லாமத்தானே?"

அவள் குசினிக்குள் போனாள். கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் மற்ற தொரை போத்தல் நின்றது. துளி தூசு இல்லை. அரைப் போத்தல் இஞ்சி வைன் இருந்தது. மூடி ஆடாதபடி தண்டில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அவளும் வருடா வருடம் கிறிஸ்மசுக்கு இதை மேசைக்கு எடுத்திருக்கிறாள்.

சிறில் அலுமாரியைத் திறந்தார். துணியைப் பிரித்தார். தண்டில் 4. தன் பெட்டியை அவிழ்த்துப் போத்தலை மேசையில் வைத்து, அந்த மூடியை அதன் கழுத்தில் விட்டார்.

அது இறங்கியது. தள்ளவேண்டியிருக்கவில்லை. கடைசியில் ஒரு சிறு திருகல், அவ்வளவுதான். கண்ணாடியும் கண்ணாடியும் ஒன்றாகிவிட்டது போல அசையாமல் நின்றது. ஏழாம் மூடியை டயனாவின் போத்தலில் விட்டார். அதுவும் அப்படியே. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டிலும், அதே வரியில், அதே உயரத்தில், அரிசி மணி அளவு ஒரு புடைப்பு. அச்சில் இருந்த ஒரே பள்ளம் இரண்டையும் தொட்டிருந்தது. சிறில் எதற்காக வந்தோம் என்பதை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அத்தான், நீங்களும் மாத்துறீங்களா?"

டயனா தட்டோடு வாசலில் நின்றாள்.

அவருக்குச் சொல்ல நான்கைந்து பொய்கள் கிடைத்தன. எதுவும் நல்ல பொய்யாக இல்லை. கதிரையில் உட்கார்ந்து, பார்சல் ஒபிஸில் கற்ற பாடத்திலிருந்து நாலாம் நம்பர் ஏழாம் நம்பர் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். இடையில் ஒரு தடவை மட்டும் நிறுத்தி, "நீ கவனிக்காத நேரம் வச்சிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்," என்றார்.

டயனா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். "மூணு பாஷையில எழுதினீங்களே அத்தான். கண்ணாடி, கவனம்னு." பிறகு சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைப்பது நிற்கவில்லை.

"எனக்கு உங்க மேல கோவம் இல்ல. நீங்க மாத்தினது மூடிய. என்னைக் கள்ளின்னு சொன்னது நீங்க இல்லையே."

"அவ மனசுல..."

"தெரியும். அவ மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கு முந்தியே எனக்குத் தெரியும்." எழுந்து இரண்டு மூடிகளையும் கழற்றினாள். நாலாம் மூடியில் பழையபடி துணியைச் சுற்றித் தன் போத்தலில் வைத்தாள். ஏழாம் மூடியை அவர் கையில் கொடுத்தாள். "இப்படியே கொண்டுபோங்க. மாத்துறதா இருந்தா அக்கா வந்து மாத்தட்டும்."

"வருவாளா?"

"அது உங்க வேலை. நீங்க சொல்றதைப் பொறுத்து." கொஞ்சம் நின்று சொன்னாள். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு அத்தான். அம்மா போன அன்னைக்கு நடந்தது. அதை அக்காகிட்ட மட்டும்தான் சொல்லுவேன்."

வீடு திரும்பும்போது மணி மூன்றரை. மார்ஜரி வாசலிலேயே நின்றாள். பகல் சோற்றை மூடி வைத்துவிட்டு அவளும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

"ஒரு போத்தலைக் காட்ட இவ்வளவு நேரமா? என்ன சொன்னா நுஸ்ரா?"

சிறில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

"போலி இல்ல. கட்டையா இருக்கிறது கைவேலை. மூடி மாறியிருக்கு. மாத்தினது டயனா இல்ல, நீயும் இல்ல. பெட்டி கட்டும்போது நான் மாத்திட்டேன். அவ வீட்டுல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் பொருந்துது."

டிலுக்ஷி அறையிலிருந்து வெளியே வந்து சுவரோரம் நின்றாள். மார்ஜரி பெட்டியைத் திறந்து, பத்திரிகைத் தாளைப் பிரித்து, ஏழு என்ற கீறலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அதை விரலால் தடவினாள்.

"அம்மா ஒவ்வொண்ணாத்தான் கழுவுவாங்க," என்றாள்.

"ஆமா."

"ஒன்பது வருஷம்."

"என்னை ரெண்டு வார்த்தை ஏசு மார்ஜரி. இப்படி நிக்காத."

"ஏசுறேன். உங்களுக்கு ஆயுசு முழுக்க இருக்கு." மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "நீங்க மூடியத்தான் மாத்தினீங்க. டெலிபோனைத் தூக்கினது நான்."

அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவையில் இருந்தாள். செபப் புத்தகத்துக்கு அடியிலிருந்து கார்டை எடுத்து, ஒரு பேனாவோடு கைப்பைக்குள் வைத்தாள்.

"எழுதலையா மம்மி?" என்றாள் டிலுக்ஷி.

"அவளுக்கு முன்னால வச்சு எழுதுறேன். இல்லேன்னா தபால்ல வந்த மாதிரி இருக்கும்." பிறகு சிறிலிடம் திரும்பினாள். "சாப்பிட்டுட்டுப் பெட்டியைக் கட்டுங்க. போத்தலை மட்டும்."

"மூடி?"

"அது எங்கிட்ட இருக்கட்டும். உங்ககிட்ட இனி மூடி தர்றதா இல்லை."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூடியை இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக மடக்கியிருந்தாள். பல்லேபொலை வரும்வரை அந்தக் கை திறக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் நீட்டியபோதும் வலது கையால்தான் வாங்கினாள். அவள் உதடுகள் அசைந்தன. செபமா, தங்கையிடம் சொல்லப்போகும் முதல் வார்த்தையா என்று சிறில் கேட்கவில்லை.

டயனாவின் கேட்டுக்கு முன்னால் இறங்கியபோது மிளகுப் பாயில் இன்னும் வெயில் இருந்தது. முற்றத்தில் யாரும் இல்லை. கேட் கொண்டியிடாமல் சாத்தியிருந்தது. உள்ளே விறாந்தையில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் மற்ற தொரை போத்தலை வைத்திருந்தாள் டயனா. பக்கத்தில் இரண்டு கதிரைகள். மூன்றாவது இல்லை.

போத்தலின் வாய் திறந்திருந்தது. நாலாம் மூடி மேசையில் இல்லை; டயனாவின் கையில்தான் இருக்கவேண்டும்.

மார்ஜரி தன் மடக்கிய கையைப் பார்த்தாள். பெட்டியைச் சிறிலிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க இங்கேயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தள்ளினாள்.